காணாமல் போகாத கேபிளும் குட்டிச்சுவரில் ஐந்து பையன்களும்

இது 2022-ல் எங்கள் தெருவில் நடந்தது. வேலூரில் சத்துவாச்சாரி பக்கம், ஹவுசிங் போர்டு வீடுகள், பின்னால் மலை, முன்னால் கொஞ்ச தூரத்தில் பெங்களூர் ரோடு. நான் அப்போது குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவள் இல்லை, அந்தப் பையன்கள்மேல் ஸ்டேஷனில் கொடுத்த மனுவை எழுதியதே நான்தான். அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. யார் பெயரும் இதில் வராது. பையன்களுக்கு அப்போது 18 ஆகவில்லை, பெரியவர்கள் இன்னமும் எனக்கு அக்கம்பக்கத்தார்.

தெருக்கோடியில் சங்கத்துக்கு ஒரு போர்வெல், அதை ஒட்டி மோட்டார் ரூம். எதிரே எப்போதோ பாதி இடிந்துபோன காம்பவுண்டுச் சுவர், இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பையன்கள் அதில்தான் உட்காருவார்கள். ஐந்து பேர், சின்னவன் ஒன்பதாவது, பெரியவன் பதினொன்றாவது. பெரும்பாலும் ஒரே ஃபோன், அதைச் சுற்றி ஐந்து தலை. பெரியவனுக்கு இரண்டு பக்கமும் வழித்து நடுவில் மட்டும் மயிர் விட்ட பாக்ஸ் கட்டிங், நுனியில் செம்பட்டைச் சாயம். குட்டிச்சுவரில் உட்கார்ந்தால் போதும், 'குட்டிச்சுவராகப் போகிறான்' என்று சொல்ல நம் பாஷையிலேயே வார்த்தை தயாராக இருக்கிறது.

அந்த வருடம் பிப்ரவரி 1-ம் தேதிதான் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்திருந்தது. 2020 மார்ச்சில் மூடியது, 2021 தொடக்கத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கொஞ்ச நாள் திறந்து மூடியது, செப்டம்பரில் ஒன்பதாவது முதல் திறந்தது, 2022 ஜனவரியில் ஒமிக்ரான் என்று மறுபடி மூடியது. ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி நான்கு சுவருக்குள் கிடந்த பிள்ளைகள். பெரியவன் பத்தாவது பொதுத்தேர்வே எழுதாமல் பாஸ் ஆனவன், 2021-ல் அது ரத்து. இவர்களுக்கு அந்தச் சுவர் என்னவாக இருந்தது என்று அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், தெருவில் ஆறு வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தார்கள். பால், தயிர், சர்க்கரை மாத்திரை எல்லாம் வாங்கிக் கொடுத்தது இதே பையன்கள்தான். சேவை என்றெல்லாம் பெரிதாகச் சொல்லவில்லை, மீதிச் சில்லறையை வைத்துக்கொள்வார்கள், ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடச் சொல்வார்கள். ஆனால் அப்போது அவர்களை எல்லாரும் 'நம்ம பசங்க' என்றுதான் சொன்னோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி கடைசியில் சங்கத்து மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் வந்து மேலே இழுத்து, காயில் கட்ட எடுத்துப்போனார், கேபிளும் பழசாகிவிட்டது என்று புதிது போட்டார். பழைய கேபிளைச் சுருட்டி மோட்டார் ரூம் மூலையில் வைத்திருந்ததைத் தலைவர் பார்த்திருக்கிறார். நாற்பது மீட்டர், உள்ளே செம்பு. பிப்ரவரி 12, சனிக்கிழமை காலையில் பார்த்தால் சுருள் இல்லை. ரூம் பூட்டு உடையவில்லை, ஆனால் அந்தப் பூட்டைத் தட்டினாலே திறந்துகொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்ததால் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேமரா கேட்கலாம் என்றுதான் கூட்டத்தையே ஆரம்பித்தோம். பத்து நிமிடத்தில் பேச்சு பையன்களிடம் போய்விட்டது. பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் சந்தேகப்பட்டவர்கள் பதினோரு பேர். "காயலாங்கடைல போட்டா கிலோ அறுநூறு ரூபா, எதுக்குன்னு நினைக்கிறீங்க, கஞ்சாவுக்குத்தான்" என்றார் ஒருவர். "அந்தத் தலையப் பாத்தாலே தெரியலையா?" என்றார் இன்னொருவர். யாரோ 'புள்ளிங்கோ' என்றதும் எல்லாரும் சிரித்தோம், நானும்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புள்ளிங்கோ என்றால் பிள்ளைகள், வேறு ஒன்றும் இல்லை. எங்கள் வடாற்காட்டு, மெட்ராஸ் வாயில் பிள்ளைங்க என்பது அப்படித்தான் வரும். அதையே ஏச்சுப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். 'விடலை'யும் அப்படித்தான். சங்கப் பாட்டில் பாலை நிலத்துத் தலைவனுக்கு அது பெயர், வீரன், காதலியை அழைத்துக்கொண்டு காட்டு வழி போகிறவன். இன்றைக்கு 'விடலைப் பசங்க' என்றால் யாரும் அவனை நினைப்பதில்லை, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நிற்கிறவனைத்தான் நினைக்கிறோம்.

மனுவை நான் எழுதினேன். 'சமூக விரோதச் செயல்களில் ஈடுபடும் இளைஞர்கள்', 'போதைப் பழக்கம்', 'பெண்கள் நடமாட அச்சம்' என்று வரிகள் தானாக வந்து விழுந்தன, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் போதையை நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை சிகரெட் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஒரே வண்டியில் மூன்று பேர் போனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மனுவில் அவை இரண்டும் இல்லை. பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காததை எழுதியிருக்கிறேன். திரும்பப் படிக்கும்போது எனக்கு உறைப்பது இதுதான்.

சட்டம் இந்த இடத்தில் ரொம்பத் தெளிவு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-வது பிரிவு, 18 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் தீய நோக்கமோ குற்ற நோக்கமோ இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டுகிற, முத்திரை குத்துகிற சொற்களைப் பிள்ளைகள் விஷயத்தில் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பிள்ளையைப் பிடித்தாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 10-வது பிரிவு. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு காவலர் வந்தார். நாங்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றோம், பையன்கள் சுவரை விட்டு இறங்கி வரிசையாக நின்றார்கள். அவர் மனுவை ஒரு தடவை படித்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "யாராச்சும் பாத்தீங்களா?" என்றார். யாரும் பேசவில்லை. "இவங்க எடுத்தத யாராச்சும் பாத்தீங்களான்னு கேட்டேன்." அதற்கும் பதில் இல்லை. இந்த விவகாரம் முழுக்க உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான், எங்களில் ஒருவர் முந்தின நாளே கேட்டிருக்க வேண்டியது. ஆனாலும் மனு என்று ஒன்று வந்துவிட்டதால், ஐந்து பேரின் பெயரையும் அப்பா ஃபோன் நம்பரையும் எழுதிக்கொண்டார். எழுதும்போது சின்னவன் தன் அப்பா நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னான், நாக்கு குழறியது.

அன்றைக்கு ராத்திரியே பெரியவனின் அப்பா அவனைச் சலூனுக்கு இழுத்துப்போனார். மறுநாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவன் சைக்கிளில் போனான். ஒட்ட வெட்டிய தலை. காதுக்கு மேலே முன்பே வழித்திருந்த இடம் வெயிலில் கறுத்திருந்தது, மயிர் இருந்த இடம் வெளுப்பாக, உச்சியில் ஒரு தட்டு கவிழ்த்த மாதிரி. வழக்கமாக "அக்கா, ஸ்கூலுக்கு" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவான். அன்று ரோட்டின் அந்தப் பக்கமாகப் போனான்.

மார்ச் 31. வருடக் கணக்கு முடிக்க ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு கடையில் கணக்கு எழுதுவதுதான் எனக்கு வேலை என்பதால் சங்கத்துக்கும் நானே எழுதிக் கொடுப்பேன். மோட்டார் மெக்கானிக் பில்லில் மொத்தம் 14,300 ரூபாய், அதற்குக் கீழே பேனாவில் 'பழைய கேபிள் கழிவு 2,200', மீதி 12,100 வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து. தேதி பிப்ரவரி 11.

பொருளாளருக்கு ஃபோன் செய்தேன். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கை சுத்தமான மனிதர், பத்துப் பைசா விட மாட்டார். "அட ஆமாம்மா" என்றார். "நான்தான் எடுத்துனு போகச் சொன்னேன், பில்லுல கழிச்சிக்கச் சொல்லி. மறந்தே போச்சு பாரு." ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மனுவில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பேச்சு பையன்களிடம் போனதும் அவருக்கே தான் செய்தது ஞாபகத்தில் வரவில்லை, வரத் தேவையில்லாமல் போய்விட்டது.

"பசங்க வீட்ல சொல்லிடணும் சார்" என்றேன்.

"இப்ப எதுக்கும்மா அதப் போய்க் கிளறிகினு? எப்படியும் அவனுங்க ஒண்ணும் யோக்கியனுங்க இல்ல."

இந்த வரியைத்தான் நான் பல மாதம் சுமந்தேன். திருட்டே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது, ஆனால் அவர்கள் திருடர்கள் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் மறந்தார், அதை வைத்து 'இந்தக் காலத்துப் பெருசுங்களே இப்படித்தான்' என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. அந்த நியாயம் பதினாறு வயதுக்காரனுக்கு ஏன் இல்லை?

நானும் உடனே சொல்லவில்லை. கடையில் வருடக் கணக்கு வேலை என்று என்னிடமே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் மேசைகளைப் போட்டு உடைக்கிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் தெரு குழுவிலும் வந்தது, கீழேயே ஒருவர் 'நம்ம தெரு சுவர் நினைவுக்கு வருகிறது' என்று எழுதினார். அந்த நேரத்தில் பையன்களுக்காகப் பேசினால் என்னை என்ன சொல்வார்களோ என்று இருந்துவிட்டேன். வேறு ஊர்ப் பையன்கள், வேறு காரணம், வேறு மேசை. கணக்கு மட்டும் இவர்கள் தலையில்.

இந்த இடைவெளியில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த வயது என்றாலே புயல், கொந்தளிப்பு என்ற நினைப்பைப் படிப்பாளிகள் நடுவில் ஊன்றியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்லி ஹால் என்கிற அமெரிக்க உளவியலாளர், 1904-ல். அந்தப் பார்வை பெற்றோர், வாத்தியார், போலீஸ் என்று எல்லார் மனத்திலும் இறங்கிவிட்டது. 1999-ல் ஜெஃப்ரி ஆர்னெட் அதைத் திரும்ப எடுத்து அலசினார். சண்டை, மனக்குழப்பம், துணிச்சல் இவையெல்லாம் மற்ற வயதைவிட இந்த வயதில் கூடுதல்தான், ஆனால் எல்லாருக்கும் வருவதில்லை, வந்தே தீரும் என்பதும் இல்லை என்றார். எனக்கு இது சரியாகப் படுகிறது. பதினாறு வயதில் ஒன்றுமே கிடையாது என்று சொல்ல மாட்டேன், சிகரெட்டை நானே பார்த்தேன்.

2019-ல் ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்று இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வு எங்கள் கூட்டத்தைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. பெரியவர்களில் யாருக்கு எந்தக் குணம் பலமோ, இளசுகளிடம் அதுதான் இல்லை என்று அவர்கள் அதிகம் குறைப்படுகிறார்களாம். நிறையப் படிக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பதில்லை, மரியாதை பார்க்கிறவர்களுக்குப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை. இன்றைக்கு இருக்கிற தன்னையே பழைய காலத்துக்கும் கொண்டுபோய் வைத்து, அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் இருந்தோம் என்று நினைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். எங்கள் பொருளாளர் காசில் சுத்தமானவர். அவருக்குப் பையன்கள் திருடர்களாகத் தெரிந்தார்கள். தலைவர் தினமும் நூலகம் போகிறவர், அவர் கூட்டத்தில் சொன்ன முதல் வரியே "ஒருத்தன் கைல ஒரு புஸ்தகம் பாத்திருக்கீங்களா?" என்பதுதான்.

பெண் பிள்ளைகள் பக்கம் இது வேறு மாதிரி. மனுவில் 'பெண்கள் நடமாட அச்சம்' என்று எழுதினேனே, அது எங்கிருந்தும் கேட்டு எழுதியதில்லை. ஏப்ரலில் பக்கத்துப் பிளாக்கில் பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஒருத்தி நிஜமாகவே வந்து சொன்னாள். அவள் டியூஷன் விட்டு வரும்போது ஐந்து பேரில் ஒருவன், ஒருவன்தான், பாட்டுப் பாடுகிறான், அதனால் சுற்றுவழியாக வருகிறாள். இதை முதலில் தன் வீட்டில் சொன்னாளாம். "அந்த வழியா நீ எதுக்குப் போற? போன்ல யார்கூடப் பேசினு வந்த?" என்று அம்மா கேட்டாராம், ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்டார். புகார் சொன்னவளே குற்றவாளி ஆகிவிட்டாள். பையன் என்றால் திருடுவான், பெண் என்றால் காதலிப்பாள், இந்த இரண்டு அச்சுதான் நம்மிடம் இருக்கிறது.

நான் அந்த ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டேன். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பாட்டு என்று சொன்னேன். காது சிவந்துபோய் நின்றான். "தப்புதாங்கா, இனிமே பண்ண மாட்டேன்" என்றான், அப்புறம் பண்ணவில்லை, அவளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். மற்ற நாலு பேருக்கு அதில் சம்பந்தமே இல்லை, அவர்களை நான் கூப்பிடவும் இல்லை. அவளுக்கு ஃபோன் திரும்பக் கிடைக்க அதைவிட அதிக நாள் ஆனது, பரீட்சை முடிந்துதான் அவள் அம்மா கொடுத்தார்.

மே கடைசியில், பதினொன்றாவது பரீட்சை முடிந்த வாரம், மோட்டார் ரூம் மேலே இருந்த லைட்டைக் கல்லால் அடித்து யாரோ உடைத்தார்கள். இந்தத் தடவை பார்த்தவர் இருந்தார். நானே. மாடியில் துணி எடுக்கப் போனவள், பெரியவன் குறிபார்த்து இரண்டாவது கல்லில் அடித்ததைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போனேன். ஓடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை.

"எதுக்குடா ஒடச்ச?"

"எப்படியும் எங்களத்தான் சொல்லப் போறீங்க. அப்புறம் இன்னாத்துக்குக்கா சும்மா இருக்கணும்?"

அவன் அழவில்லை, கத்தவும் இல்லை. மூன்று மாதம் முன்னால் இதே பையன் எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கேஸ் சிலிண்டரை மாடி ஏற்றிக் கொடுத்தான், மனு கொடுத்த பிறகு பாட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கதவைத் திறந்தால் உள்ளே நோட்டம் விடுவானாம். ஐந்து பேரில் இரண்டு பேரை வீட்டில் சுவர்ப் பக்கமே விடுவதில்லை. ஒருவன் மட்டும் கபடி என்று சாயங்காலம் மைதானத்துக்குப் போய்விட்டான், தப்பித்தான். மீதி இருந்தது இவனும் சின்னவனும்.

லைட் உடைந்ததும் தெருவில் கிளம்பிய முதல் பேச்சு, "நாங்க அப்பவே சொன்னோம்ல?" சொன்னதால்தான் நடந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிறிஸ்டி புக்கானன், ஜோனா ஹியூஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-ல் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளிடமும் அம்மாக்களிடமும் இந்த வயது எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் எனக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அடங்காமை, சகவாச தோஷம், வீட்டாரிடம் விலகல் என்று எதிர்பார்த்த இடத்தில் அது கூடுதலாகவே இருந்தது, முன்பே அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்பதைக் கழித்துப் பார்த்த பிறகும். எதிர்பார்ப்பு ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என் தெருவில் என்ன நடந்தது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். லைட்டை உடைத்தது அவன் தப்பு. அந்தக் கல்லை அவன் எடுத்ததில் எங்கள் பதினோரு பேருக்கும் பங்கு உண்டு.

ஜூலை முதல் ஞாயிறு கூட்டத்தில் மெக்கானிக் பில்லைத் தூக்கிப் படித்தேன். ஐந்து பையன்களின் வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தேன், மூன்று வீட்டிலிருந்து வந்தார்கள். பொருளாளர் முகம் சுருங்கியது, அப்புறம் எழுந்து "ஆமா, நான்தான், மறந்துட்டேன்" என்றார். அந்த வயதில் அத்தனை பேர் நடுவில் அவர் எழுந்து நின்றது பெரிய விஷயம், அதை மறைக்க மாட்டேன். தலைவர் உடனே அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் போக விட மாட்டேன் என்று நின்றேன். முக்கால் மணி நேரம் வாக்குவாதம். 'வருத்தம் தெரிவிக்கிறது' என்ற வார்த்தை வேண்டாம், சின்னப் பசங்ககிட்ட சங்கம் எதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டது இரண்டு வரி: 'மோட்டார் ரூமில் இருந்த பழைய கேபிள் திருட்டுப் போகவில்லை. 13.02.2022 அன்று கொடுக்கத் தீர்மானித்த மனு தவறான தகவலின்பேரில் கொடுக்கப்பட்டது.' வருத்தம் இல்லாமலேதான் ஏறியது. ஸ்டேஷனுக்கும் அதே வாசகத்தில் கடிதம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு சீல் போட்டுக் கொடுத்தார்கள்.

லைட்டுக்கான பணத்தில் பாதியைப் பெரியவன் கொடுத்தான். கோடை லீவில் ஃபோன் ரிப்பேர் கடையில் நின்று சம்பாதித்தது. மீதிப் பாதியை நான் போட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் அம்மா மட்டும் போகாமல் நின்றார். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி வேலைக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர், கூட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கிறியாம்மா? சங்கத்து சீல் வெச்சு" என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். நாளைக்கு காலேஜ், வேலை என்று போகும்போது போலீஸில் விசாரிப்பார்களாமே, அப்போது காட்ட வேண்டுமாம். அதற்கெல்லாம் இது தேவைப்படாது, எஃப்ஐஆர் எதுவும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். சரிம்மா என்று தலையாட்டினார், ஆனால் நகரவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார், உள்ளே அவனுடைய மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல். ஜெராக்ஸை நாலாக மடிக்காமல், சாதிச் சான்றிதழுக்குப் பின்னால் நேராக வைத்து, பட்டனை அழுத்தி மூடினார்.